மாமா பார்த்த பூச்சிட்டான்

டிசம்பர் 3
பனி விலகுமுன்பே மாமா தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். பின்னால் நான். அவர் பெற்ற பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், போர்வைக்குள். கேட்டால், "உங்க ரெண்டு பேருக்கும்தானே பறவைப் பைத்தியம்" என்கிறார். உண்மைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனாரோடு நடந்த அளவு நான் புருஷனோடு நடந்ததில்லை.

டிசம்பர் 4
நிழல்மரத்தில் இருந்த கொண்டைக்குருவியை மாமா மைனா என்றார். நான் திருத்தவில்லை. கண்புரை முற்றிவிட்டது. ஆபரேஷன் என்று வாயெடுத்தாலே, "கண்ணுல கத்தியா? இருக்கறதும் போயிட்டா?" என்கிறார். பேச்சு அதோடு சரி.

டிசம்பர் 8
இன்று நல்ல கூத்து. சாயங்காலம் காப்பிப் பழம் பறித்து முடித்து, தலையில் மூட்டையோடு ஆட்கள் எல்லாரும் இறங்கி வருகிறார்கள். மாமா கையைத் தூக்கினார். "யாரும் அசையாதீங்க. குங்குமப் பூச்சிட்டான்." செக்கச்செவேல் என்று இருக்கும் குருவி அது.

அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். நான் பார்த்தேன். காப்பிச் செடியில் மேஸ்திரியம்மா கட்டிய சிவப்புத் துணி. பறிப்பு எந்தச் செடியோடு நின்றதோ அதில் கட்டிவைத்தால்தான் மறுநாள் அங்கிருந்து தொடங்க முடியும்.

"நீயும் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் மாமா. பறந்துடுச்சு."

அந்த முகத்தில் எவ்வளவு சந்தோஷம். காலையில் திரும்ப அங்கே போய் நிற்பாரே என்று, இருட்டுமுன் போய்த் துணியை அவிழ்த்துவிட்டேன்.

டிசம்பர் 9
கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒரு ராத்திரிக்கு மேல் தாங்கவில்லை. மேஸ்திரியம்மா வாசலில் வந்து நின்று, "அக்கா, செடியில கட்டின துணியக் காணோம். எங்க விட்டோம்னு தெரியாம பறிச்ச வரிசையிலேயே சுத்திட்டு இருக்கோம்" என்றாள்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன நிறத் துணி?"

"சிவப்புங்க."

என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணுக்கு நான் தெரிந்தேனா என்றே தெரியவில்லை. ஏன்டி உனக்கு இந்த வேலை என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 10
மாமா வெளியே வரவில்லை.

டிசம்பர் 13
இன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ பொய் சொன்னது பெரிசில்லைம்மா. தலைல மூட்டையோட அத்தனை பேரும் எனக்காக நின்னாங்களே, அதான் தாங்கலை" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பறவை போனாப் போகட்டும் மாமா. நீங்க இப்படி உட்கார்ந்துட்டா நான் யாரோட நடக்கறது?" — கேட்டேவிட்டேன். மாமா துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, "டாக்டர்கிட்ட நாள் கேளு" என்றார்.

டிசம்பர் 20
நாளைக்கு ஆபரேஷன். மாமா நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். என் வீட்டுக்காரருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 22
கட்டைப் பிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மரக்கிளையில் ஏதோ ஒரு குருவி. "அங்க பாருங்க மாமா" என்று கைகாட்டினேன். அவர் திரும்பவேயில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எப்போ உனக்கு இவ்வளவு நரைச்சுது?"