ஆதாரம் இல்லாத கோல்கீப்பர்

செவ்வாய் இரவு, வெள்ளவத்தை

நான் தொகுப்பாளராக இருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் ராஜன் அண்ணனைப் பற்றி அவருடைய மகள் எழுதிய கட்டுரையை இன்று நான்தான் நீக்கினேன். கொட்டாஞ்சேனை மைதானத்தில் அவர் பாய்ந்து பாய்ந்து பந்து பிடித்ததை வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தவன் நான். ஆனால் கண்ணால் கண்டது செல்லாது, பத்திரிகைச் செய்தி வேண்டும் என்பது எங்கள் விதி. ஒரு பத்திரிகையும் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வெட்கங்கெட்ட விதி. அதைக் கட்டிக் காக்கிற நானும் அப்படித்தான்.

பின்னேரம் அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"பரவாயில்லை தம்பி. நான் செத்தா பேப்பர்ல மரண அறிவித்தல் வரும்தானே. அப்ப போடுங்கோ."

"ஓம் அண்ணே" என்றேன். வீட்டார் காசு கட்டிப் போடும் அறிவித்தலும் ஆதாரமாகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.