மாமனாரின் கதகதப்பு

மார்ச் 4, செவ்வாய்
பல் டாக்டருக்கு நான்காவது முறையாகச் சத்தம் அனுப்பினேன். காத்திருப்பு அறையில் நாள் முழுக்க மெல்ல ஓட ஒரு 'பேட்' வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பேட் என்றால் தாளம் கிடையாது, மெட்டு கிடையாது. அறையில் போர்வை விரித்த மாதிரி ஒரே சத்தம் நீளமாக நிற்கும், அவ்வளவுதான். கணினியில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசரைத் திறந்து, 'ரம்ப அலை' என்கிற கரகரப்பான ஒலிகள் இரண்டைச் சுருதியில் மயிரிழை விலகவைத்து, ஃபில்டரை இறக்கிக் கூர்மையெல்லாம் மழுக்கி அனுப்பினேன். போன் செய்தார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா கதகதப்பு பத்தல."

மார்ச் 5
நாங்கள் குடியிருப்பது மாமனார் வீட்டில்; அவர் கெடு வைத்துவிட்டார். இந்த வேலை கைகூடாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து அவருடைய குளியலறைச் சாமான் கடையில் நான் உட்கார வேண்டும். குழாய்ப் பிரிவு. மனைவியும் தலையாட்டிவிட்டாள். "மூணு வருஷம் பொறுத்தாச்சுங்க" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 7
ஃபில்டரை இன்னும் இறக்கினேன். "இது இருட்டா இருக்கு, கதகதப்பா இல்ல" என்கிறார் டாக்டர். பல் பிடுங்குகிறவருக்கு எதற்கு இவ்வளவு நுணுக்கமான காது?

மார்ச் 10, திங்கள்
எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கதகதப்புக்குச் சூடான பொருளின் சத்தத்தையே கலந்தால் என்ன என்று, மைக்கை எடுத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குச் சத்தமே இல்லை. பிறகு வெந்நீர்க் கெட்டில். டீ போட வந்த மனைவியை, 'பேசாதே, பதிவாகிறது' என்று சைகையால் அடக்கினேன். என்னையும் கெட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ இல்லாமலே போய்விட்டாள்.

மார்ச் 11
மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன்! கெட்டில் அடங்கிய பிறகு மாமனார் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது அப்படியே பதிவாகியிருக்கிறது. என் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் போடுவாரே, அந்த "ம்ம்ம்" — வாய் திறக்காமல், அடிவயிற்றிலிருந்து, 'உருப்பட்ட மாதிரிதான்' என்ற அர்த்தத்தில்.

எரிச்சலில் அதை நாற்பது விநாடிக்கு இழுத்தேன். ஒரு ஸ்தாயி இறக்கினேன். ரம்ப அலைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஐயோ. உடம்பெல்லாம் இதமாகிவிட்டது.

மார்ச் 12
"இதேதான்! இதேதான்!" என்கிறார் டாக்டர். "அடியில என்ன வாத்தியம் அது?"

பழைய காற்று வாத்தியம் என்றேன். மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. பொய்யில்லை.

மார்ச் 19
மாமனாருக்குக் கடைவாய்ப் பல் வலி. மனைவி அந்த டாக்டரிடமே நேரம் வாங்கிவிட்டாள், "உங்க சத்தத்தையும் அப்பா கேட்ட மாதிரி இருக்கும்" என்று. நானும் கூடப் போகவேண்டுமாம். தன் குரலை அவர் கண்டுபிடித்தால் குழாய்ப் பிரிவுகூடக் கிடைக்காது. கழிப்பறைப் பிரிவுதான்.

மார்ச் 20
அறை முழுக்க மாமனார். சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் என்னைப் பார்த்து "ம்ம்ம்". எனக்கு வியர்த்துக் கொட்டியது. நிஜ மாமனார் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். பத்து நிமிடம் அசையவே இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இது நீங்க பண்ணதா?"

"ஆமா மாமா."

"யாரோ பக்கத்துல உக்காந்து நான் சொல்றத எல்லாம் பொறுமையா கேக்கற மாதிரி இருக்கு. வீட்ல யாரு அப்படிக் கேக்கறீங்க?" என் கையைத் தட்டிக்கொடுத்து, "கடைக்கு நீங்க வரவேண்டாம்" என்றார்.

சொல்லிவிடலாமா? வாய்வரை வந்தது. அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மார்ச் 27
டாக்டரின் தங்கை கண் டாக்டராம். அவர்களுக்கும் ஒரு பேட் வேண்டும், "அதே வாத்தியம், ஆனா வேற மாதிரி." பழைய "ம்ம்ம்"மை இதற்கு மேல் இழுத்தால் கிழிகிறது. புதிது வேண்டும். மாமனாரோ ஒரு வாரமாக என் பின்னால் வந்து நின்று "சபாஷ்" என்கிறார். சபாஷை எவ்வளவு இழுத்தாலும் சீறல்தான் வருகிறது.

மார்ச் 30
மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் சிரித்தாள். "எங்கப்பாவுக்கு எது பிடிக்காதுன்னு நான் சொல்லியா தெரியணும்?" என்றாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்
மைக்கைப் போட்டுவிட்டு மாமனாரைக் கூப்பிட்டேன். "மாமா, நம்ம குளியலறைல எதிரொலி பிரமாதமா இருக்கு. குழாயெல்லாம் கழட்டிப் போட்டுட்டு அதையே ஸ்டுடியோ ஆக்கிடலாம்னு இருக்கேன்."

நாற்பது விநாடிக்கு ஒரே "ம்ம்ம்". இழுக்கவே தேவைப்படவில்லை.