வலித்தால் போட வைத்த குளிசை

12.06.2004, சனி

இன்று பின்னேரம், தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி ஓடி வந்தாள். "அக்கா, அண்ணனோட கொழுப்புக் குளிசை மிச்சம் இருக்கா? எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குதாம்."

ரத்தத்தில் கொழுப்பைக் குறைத்து நெஞ்சு வருத்தம் வராமல் இருக்க, தினமும் போடச் சொல்லித்தான் டொக்டர் என் வீட்டுக்காரருக்கு அதைக் கொடுத்தார். "நல்லா இருக்கிற ஒடம்புக்கு எதுக்குடி மருந்து? வலிச்சா போட்டுக்கிறேன்" என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். மாசியில் வலி வந்த ராத்திரி இரண்டை விழுங்கிவிட்டு, இப்போது குறைந்துவிடும் என்று சுவரில் சாய்ந்திருந்தார். நானும் நம்பி, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தேன். விடியும்போது கால் குளிர்ந்திருந்தது.

"குளிசைக்கு அடங்குற வலி இல்லடி இது! லொறியக் கூப்பிடு, ஓடு!" என்று லயமே கேட்கக் கத்தினேன்.

"குடுக்க மனசில்லைன்னா சொல்லுங்க, ஏன்க்கா கத்துறீங்க?" என்று அழுதாள். ஆனாலும் ஓடினாள்.

அவள் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். கண் திறந்து பேசுகிறாராம். அதைக் கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. அன்றைக்கு என்னைப் பார்த்து அப்படிக் கத்த ஒருவரும் இல்லையே.