இரண்டாம் மாடி சன்னலை மறைக்கும் நன்றிப் பதாகையை இறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்,
(தற்சமயம்) பொது மருத்துவமனை எதிர் நடைபாதை, மின்கம்பத்தடி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: காய்ச்சல் பிரிவின் சன்னலை மறைத்துக் கட்டப்பட்ட நன்றிப் பதாகையை இறக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தத் தொற்றுக் காலத்தில் தங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் என்பதை அறிவேன். எனக்கு இப்போது இருப்பது ஒரே ஒரு வேலை. அதையும் செய்யவிடாமல் ஒரு துணி தடுக்கிறது.

1. என் மனைவி இரண்டாம் மாடியில், சன்னலோரக் கட்டிலில், ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார். உறவினர் உள்ளே போக அனுமதி இல்லை. பிரிவுக்குள் போன் வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. ஆகவே அந்தப் பிரிவின் நர்ஸம்மா ஒரு வழி சொன்னார். தினமும் காலை பத்து மணிக்கு நான் எதிர் நடைபாதையில் மஞ்சள் குடையை விரித்து நிற்பேன். அவர் என் மனைவியைத் தலையணை வைத்து நிமிர்த்துவார். மனைவி கையசைப்பார், சில நாள் "போய்ச் சாப்பிடு" என்று கையாலேயே விரட்டுவார். எங்கள் இருவருக்கும் அன்றைய பொழுது அதில் ஓடிவிடும்.

2. சென்ற வாரம் பகுதி நலச் சங்கத்தார் மருத்துவமனை மதிலோரம் சாரம் கட்டி, மாடி உயரத்துக்கு ஒரு பதாகை ஏற்றினார்கள். "வெள்ளுடை தேவதைகளே! உங்கள் பாதம் பணிகிறோம்!" என்பது வாசகம். தேவதைகளில் ஒருவர் படமும் அதில் இல்லை. சங்க நிர்வாகிகள் அறுவர் படம் இருக்கிறது. ஆறு பேருக்கும் முகக்கவசம் தாடையில் இருக்கிறது. பொருளாளரின் சிரிப்பு மிகச் சரியாக என் மனைவியின் சன்னலை அடைத்திருக்கிறது. மேற்படி நர்ஸம்மா, பாதம் பணிந்த செயலாளர் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தார். "நீங்க படியேறுனா எங்களுக்கும் ஒட்டிக்கும்மா, காலி பண்ணிடுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டதால், இப்போது வார்டின் போர்வை அறையில் தூங்குகிறார்.

3. பதாகை வந்தபின் பொதுமக்களின் நன்றியுணர்ச்சி கரைபுரண்டு ஓடுகிறது. குடும்பத்தோடு காரில் வந்து, வாசலை அடைத்து நிறுத்தி, கவசத்தைக் கழற்றிப் படம் எடுக்கிறார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் அலறினால், "ஒரே ஒரு போட்டோண்ணே, இருங்க" என்று ஓட்டுநரிடம் கெஞ்சுகிறார்கள். அந்த நர்ஸம்மாவே வேலை முடிந்து வெளியே வந்தால், சாலையின் அந்தப் பக்கத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

4. சன்னல் எங்காவது தெரியாதா என்று நான் குடையோடு நகர்ந்து நகர்ந்து நின்றேன். என் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவர் பின்னால் ஓர் அம்மா. "இங்க என்ன குடுக்கறாங்க?" என்று ஒரு குரல், "தெரியல, நின்னு வைப்போம்" என்று ஒரு பதில். ஒன்றும் தரவில்லை, நான் என் மனைவியைப் பார்க்க நிற்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். "பாத்தீங்களா, அவருக்கு மட்டும் கிடைக்கணும்னு நினைக்கிறாரு" என்றார்கள். ஐயா, வேலையில் இருந்த காலம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் என் மாணவர்கள் இவ்வளவு நேராக நின்றதில்லை. சுகாதார ஆய்வாளர் வந்து, கூட்டம் கூட்டியதாக என்மேல் அபராதம் விதித்தார். அவர் எனக்குச் சீட்டு எழுதுவதைப் பார்த்ததும், டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வரிசை இன்னும் நீண்டது.

5. இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இது அப்படியல்ல. என் மனைவி பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். குடையைக் காணாத முதல் நாளே, "அவருக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். கீழேதான் நிற்கிறார் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். நான் கொடுத்தனுப்பிய என் போட்டோவைக் காட்டியதற்கு, "இது பழைய சட்டை. பழைய படத்தைக் காட்டி ஏமாத்தாத கண்ணு. எப்ப போனாருன்னு மட்டும் சொல்லு" என்றாராம். நேற்றிலிருந்து கஞ்சியைத் தொடவில்லை. மருந்தையும் துப்புகிறார்.

6. சங்கத்தாரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். "நன்றிய இறக்குனா மரியாதையா இருக்குமா சார்?" என்றார் பொருளாளர். படத்தில் உள்ள அதே சிரிப்பு.

ஆகவே, பதாகையைச் சன்னலுக்குக் கீழே இறக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். துணியில் சன்னல் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டினாலும் போதும். பொருளாளருக்குக் காதுகள் மிஞ்சும்.

கோப்பு நகர நாளாகும் என்றால், நாளை காலை பத்து மணிக்கு ஒரே ஒரு முறை விசில் ஊதவாவது அனுமதி தாருங்கள். இது அமைதி மண்டலம் என்று பலகை இருக்கிறது. அதன் கீழேதான் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள் என்றாலும், ஏற்கெனவே அபராதம் கட்டியவன் என்பதால் கேட்டுச் செய்ய விரும்புகிறேன். எங்கள் வீடு பள்ளி மைதானத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை: நான் கடைசி விசில் ஊதியதும் அவள் உலை வைப்பாள். வேறு யார் ஊதினாலும் வைக்கமாட்டாள். விசில் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது ஐயா. நான் சாகவில்லை என்று அவளுக்கு எப்படியாவது தெரிய வேண்டும்.

இணைப்பு: அபராதச் சீட்டு.

நாள்: பதாகை ஏறிய ஐந்தாம் நாள்
இடம்: மின்கம்பத்தடி

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மஞ்சள் குடைக்காரர்