கம்பின் மறுமுனை

1933 ஜூன் 8, வியாழன்

காலையிலிருந்து மழை. நூலில் ஈரம், லேஸ் பின்னல் ஓடவில்லை. மிஷன் அம்மாவுக்கு இன்னும் இரண்டு கஜம் பாக்கி.

ஜூலி வந்து இருபது நாள். நாய்க்கு ஜூலியாம். அதுவும் பெட்டை.

எஸ்டேட்டில் பாறைக்கு வைத்த வெடி முந்தி வெடித்து என் வீட்டுக்காரருக்குக் கண் போய் ஏழு வருஷம். அன்றிலிருந்து கம்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை இவர் கையில். அருமனைச் சந்தைக்கு, ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு, பிரம்பு நாற்காலி பின்னப் பங்களாவுக்கு, எல்லாம் நான்தான். இப்போது எஸ்டேட் துரை புதுசாக ஒன்று கண்டுபிடித்துவிட்டார். சண்டையில் கண் போன அவர் தம்பிக்கு அவர்கள் ஊரில் நாய்தான் வழிகாட்டுகிறதாம். அதே மாதிரி ஒன்றைப் பழக்கி இவருக்குக் கொடுத்தார். முதுகில் தோல்வார், அதில் ஒரு கைப்பிடி. கம்பு மூலையில் கிடக்கிறது. நானும்.

ஜூன் 9, வெள்ளி

மழை விட்டது. இவர் நாயோடு தனியாகச் சந்தைக்கு. அயிலை மீன் வாங்கி வந்தார்! இவருக்குச் சாளைதான் பிடிக்கும் என்று மீன்காரிக்கே தெரியும். "அண்ணனுக்கு சாள போடட்டா?" என்று என்னிடம்தான் கேட்பாள்.

"அயில எதுக்கு?" என்றேன்.

"மீன்காரி எனக்கிட்ட கேட்டா, சொன்னேன்."

ரசித்துச் சாப்பிட்டார். தலையை ஜூலிக்குப் போட்டார். நான் முள் எடுத்துக் கொடுத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

செய்ய வேண்டியவை: கூரைக்கு ஓலை. மண்ணெண்ணெய். நாயைக் குளிப்பாட்ட (நான் மாட்டேன்).

ஜூன் 11, ஞாயிறு

கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். ஏழு வருஷமாக வாசல்வரைதான் நான். அங்கே யாராவது ஒரு ஆணிடம் இவரை ஒப்படைத்துவிட்டு என் பக்கம் போவேன். இன்று ஜூலி நேராக மூன்றாவது பெஞ்சுவரை கூட்டிப்போனது. இவர் காலடியில் படுத்தும் கொண்டது. நான் ஒருநாளும் போக முடியாத இடம். எனக்கு ஒரு பாட்டும் வாயில் வரவில்லை.

பிரசங்கத்துக்கு முன் சபை மூப்பர் எழுந்தார். "கோயிலுக்குள்ள பட்டியா? நாய வெளியில கொண்டு கெட்டும் வேய்!"

இவர் நாயோடு வெளியே போய்ப் பலாமரத்தடியில், சாரலில் நின்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷம்.

ஜூன் 12, திங்கள்

பஸ்ஸிலும் ஏற்றவில்லை. "நாய் ஏறப்படாது." குலசேகரத்துக்கு நடந்தே போனாராம். நல்லது.

ஜூன் 14, புதன்

சபைக் கமிட்டி. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இவர் சொன்னார்: "அது எனக்க கண்ணு. கண்ண வெளியில கெட்டிப்போட்டிட்டு ஒரு மனுசன் வரப்பற்றுமா?"

இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்கோ சுருக்கென்றது. கண்ணு என்று இவர் சொல்வது என்னை. அந்தச் சொல்லையும் நாய்க்குக் கொடுத்துவிட்டார்.

மூப்பர் என்னைப் பார்த்தார். "ஏட்டி, இதுவர நீதானே கூட்டிட்டு வந்தே. இனி கூட்டிட்டு வரப்பற்றாதா?"

"பற்றும். நானே கூட்டிட்டு வருவேன். நாய் வேண்டாம்."

அதோடு தீர்ந்தது. இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

பழையபடி கம்பு. நான் முன்னால், இவர் பின்னால். வாசலில் நாலைந்து பேர் என்னிடம்: "அண்ணனுக்கு இருமல் மாறிச்சா?" "நல்லா ஒறங்கினாவளா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பெருமையாக இருந்தது.

வீட்டில் சாளைக் குழம்பு. பாதியில் எழுந்துவிட்டார்.

ஜூன் 20, செவ்வாய்

கேட்டேவிட்டேன். "ஏழு வருசம் நடத்திக்கொண்டு போனதுக்கு இதுதானா கூலி?"

இவர் பிரம்பைக் கீழே வைத்தார். "நீ கூட வந்தா எல்லாரும் ஒனக்கிட்ட கேப்பாவ. எனக்க இருமலயும் ஒனக்கிட்டதான். ஜூலிகிட்ட ஆரும் கேக்க மாட்டாவ பிள்ள. எனக்கிட்டதான் கேக்கணும்."

பிரம்பை மறுபடி எடுத்துக்கொண்டே, "எனக்கு சாள பிடிக்காது. அது ஒனக்குப் பிடிச்ச மீனு."

கோபமா வெட்கமா தெரியவில்லை, அழுதேன். பின்னலில் நாலு இடம் தப்பு. பிரித்தாயிற்று.

ஜூன் 23, வெள்ளி

மூப்பர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நாய உள்ள விடணும்."

"பின்னே எதுக்கு அப்பிடிச் சொன்னே?"

"பொறாம, மூப்பரே."

"ஆருக்க மேல?"

"நாய்க்க மேல."

அடுக்களையில் அவர் மனைவி சிரித்தது கேட்டது. ஞாயிறுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மூப்பர் தாடியைத் தடவினார். "கொரைக்கப்படாது."

"அது கொரைக்காது. கொரைச்சது நான்தான்."

ஜூன் 25, ஞாயிறு

வெயில். ஜூலி உள்ளே, மூன்றாவது பெஞ்சு. வயிறு எரியத்தான் செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆராதனை முடிந்து ஆண்கள் இவரைச் சுற்றி நின்றார்கள். "இருமல் எப்பிடி வேய்?" என்று யாரோ கேட்க, இவர் அதை ஒரு கதையாகவே சொல்கிறார். சிரிப்பு. நான் பலாமரத்தடியில் தனியாக. கையில் கம்பு இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ரோசம்மா வந்தாள். இவரைப் பற்றித்தான் கேட்பாள் என்று, இருமல் தேவலை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, ஒனக்கு சொகந்தானா?"

ஏழு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.