முப்பத்தைந்து போட்ட மருமகன்

பினாங்கு,
ஞாயிறு

அன்புள்ள மீனலோசனிக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் சுகம்தானே? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொள். உன் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. பஞ்சர் கடைக்காரர் மருமகனுக்கு டயருக்குக் காற்று வைக்கத் தெரியவில்லை!

வியாழக்கிழமை முதலாளி முதல்முறையாகப் பிக்கப் வண்டியை என்னை நம்பிக் கொடுத்தார். ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் ஒரு கடைக்கு அரிசி மூட்டை இறக்க வேண்டும். வழியில் பெட்ரோல் நிலையத்துக் காற்று இயந்திரத்தில், நம் ஊர்க் கணக்குப்படி முப்பத்தைந்து என்று அழுத்தினேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது. காற்று ஏறுகிறது என்று நானும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தால், டயர் தோசையாகிவிட்டது.

கல்லாவிலிருந்த லோகேஸ்வரி அக்கா ஓடிவந்து, இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னார்: "தம்பி, இங்க கணக்கே வேறலா! உங்க முப்பத்தஞ்சு எங்களுக்கு எரநூத்தி நாப்பது. நீங்க வெறும் முப்பத்தஞ்சு போட்டதும் மெஷின் இருந்த காத்தையும் எறக்கிடுச்சு. கதவத் தொறந்து ஸ்டிக்கரப் பாருங்க."

வெறும் வண்டிக்கு ஓர் எண், பாரம் ஏற்றினால் பின் டயருக்கு இருநூற்று எண்பது என்று அதில் போட்டிருந்தது. அப்படியே வைத்தேன். அரிசி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நடந்ததைச் சொன்னதும் முதலாளி சிரித்துவிட்டு, "சாவிய நீயே வச்சுக்க" என்றார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. பாப்பா குரலைத் தினமும் பதிந்து அனுப்பு, அழுதாலும் பரவாயில்லை. முதலாளி தன் காரில் வந்து ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். வாரம் ஒருமுறை என் பைக்குக்குக் காற்று வைக்க மாமாவிடம் சொல். தனியாக நின்றால் காற்று தானாக இறங்கிவிடும், வண்டிக்கும்.

உன்,
தயாளன்