விழித்திருந்த மத்தியானம்

ஆம்பூர்,
12.8.1983

அன்புள்ள அப்பாவுக்கு மனோரமா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன மாதம் ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். ஊசி விரலில் லேசாக இறங்கியது. ஆறிவிட்டது, கவலைப்படாதீர்கள். சூப்பர்வைசர் தனபாக்கியம் அக்கா என்னை வேலையைவிட்டு அனுப்பாமல், வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எல்லாவற்றையும் கேட்ட டாக்டர், "நீ சோம்பேறி இல்லம்மா. இது தூக்க வியாதி. முழுசா போவாது, ஆனா மாத்திரைக்கு அடங்கும்" என்றார்.

அவ்வளவு சின்ன வெள்ளை மாத்திரை, அப்பா. மறுநாள் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போலத் தூக்கம் வரும் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மூன்று மணி வெயில் என் மேஜையில் தைக்கக் கிடந்த தோலின்மேல் மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்தேன். பத்து வருஷத்தில் முதல் முறையாக ஒரு மத்தியானத்தை முழுதாகப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

"இன்னாடி, விரல் வலிக்குதா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. முழிச்சினு இருக்கேன்."

பள்ளிக்கூடத்தில் வகுப்பில் தூங்கியதற்காக நீங்கள் என்னை அடித்ததை நினைத்து வருந்தாதீர்கள். அப்போது யாருக்குத் தெரியும்?

எதிரே தபால்காரர் தபால் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். இனிமேல் கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

உங்கள் மகள்,
மனோரமா